எடுக்காத ரீடிங்கை எழுதச் சொல்றாங்க, இந்தப் படிப்பையே விட்டுடவா?

இந்த முறை வந்த கடிதம் ரொம்ப நீளம். எழுதினவங்களை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு சில விவரங்களை எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். யுனிவர்சிட்டியில சுற்றுச்சூழல் மேலாண்மை ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு. சின்ன வயசுல வீட்டுக்குப் பக்கத்துல ஓடின ஆறு கண்ணு முன்னாடியே கறுத்துப் போனதைப் பாத்து, இதை யாராவது சரி பண்ணணும்னு நெனச்சுத்தான் இந்தப் படிப்புல சேர்ந்திருக்காங்க. சேர்ந்த பிறகு கிளாஸ்ல வர்றதெல்லாம் ஐ.எஸ்.ஓ. விதிமுறை, சட்டப் பிரிவு, புள்ளியியல், ஆடிட் செக்லிஸ்ட். "ஆத்தைப் பத்தி படிக்க வந்தேன்க்கா, ரெஜிஸ்டர் எப்படி மெயின்டெய்ன் பண்றதுன்னு சொல்லித் தர்றாங்க"ன்னு எழுதியிருக்காங்க.

இப்போ 8 வாரம் இன்டர்ன்ஷிப், ஒரு ஃபேக்டரியோட கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்ல. 3 வாரம் முடிஞ்சிருக்கு. நடுவுல பி.எச். மீட்டரோட (தண்ணியோட அமில, காரத் தன்மையை அளக்குற கருவி) ப்ரோப், அதாவது தண்ணிக்குள்ள விடற முனை, கெட்டுப் போச்சு, சூப்பர்வைசர் "நேத்து போட்ட மாதிரியே லேசா மாத்திப் போட்டுடும்மா, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ல, இவங்களும் 3 நாள் எழுதி பக்கத்துல இனிஷியல் வேற போட்டிருக்காங்க. அடுத்து ரெஜிஸ்டர்ல பி.ஓ.டி. கட்டம், தண்ணியில எவ்வளவு கழிவு இருக்குன்னு காட்டுற ஒரு அளவு அது. காலையில எடுத்த சாம்பிளுக்கு சாயங்காலமே வேல்யூ எழுதச் சொல்லியிருக்காங்க, எப்படி சார்னு கேட்டதுக்கு "எப்பவும் இதுதான் வரும்"னு பதில். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலையாம். அந்த ஃபேக்டரி வாசல்ல ஐ.எஸ்.ஓ. 14001, அதாவது சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு, அந்த சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காம்.

கேள்வி மூணு. நான் தப்பு பண்ணிட்டேனா, ரெஜிஸ்டரை போட்டோ எடுத்து சோஷியல் மீடியால போட்டுடவா? கம்பெனிக்கு சாதகமா பேசக் கத்துக்கிறதுக்கு பேருதான் மேனேஜ்மென்ட்னா, இதை விட்டுட்டு சுற்றுச்சூழல் அறிவியலோ இன்ஜினியரிங்கோ மாறிடவா? கணக்கு வராதுன்னுதான் இதை எடுத்தேன், இதுலயும் கணக்கு வருது, அப்பாவும் "இதைப் படிச்சு என்ன வேலை கெடைக்கும்"னு கேட்டுட்டே இருக்காரு, நான் என்ன சொல்றது?

தங்கச்சி, உங்களுக்கு தூக்கம் வராததே எனக்கு நம்பிக்கையா இருக்கு. இந்த வேலைல நான் 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், கன்சல்டன்டா ஆடிட்டரா பயிற்சியாளரான்னு எல்லா பக்கமும் நின்னு பாத்திருக்கேன், எடுக்காத ரீடிங்கை எழுதும்போது கை நடுங்காதவங்களைப் பாத்தாதான் எனக்கு பயம். கேள்வியை நீங்க கேட்ட வரிசையிலயே எடுத்துக்கலாம், ஏன்னா முதல் கேள்விக்கு நாள் கடத்த முடியாது.

மொதல்ல அந்த ரெஜிஸ்டர்

தப்பு பண்ணிட்டேனான்னா, ஆமாம்மா, சின்னதா ஒண்ணு பண்ணிட்டீங்க, ஆனா அதை இன்னும் சரி பண்ணலாம். பல நாடுகள்ல கண்காணிப்பு அளவுகளைத் தெரிஞ்சே பொய்யா எழுதி அரசுக்குக் கொடுக்கிறது தண்டனைக்குரிய குற்றம். 3 நாள் பி.எச்.க்காக ஒரு இன்டர்னை யாராவது தேடிட்டு வருவாங்கன்னு நான் நினைக்கல, பெரிய பொறுப்பு எழுதச் சொன்னவர் மேலதான். ஆனா "மேல இருக்கிறவர் சொன்னாரு"ங்கிறது எல்லா இடத்துலயும் காப்பாத்துற பதில் கிடையாது, இனிஷியல் உங்களோடது. அதனால இன்னையிலேர்ந்து நீங்களே அளந்ததுக்கு மட்டும் கையெழுத்து போடுங்க. அளக்க முடியலன்னா கட்டத்தைக் காலியா விட்டுட்டு "மீட்டர் பழுது"ன்னு எழுதுங்க. பி.எச். ஸ்ட்ரிப்ல பாத்தா "ஸ்ட்ரிப்ல பாத்தது"ன்னு எழுதுங்க. ஒரு ரெஜிஸ்டர்ல காலிக் கட்டம் இருக்கிறது அவமானம் இல்லம்மா, கருவின்னா கெட்டுத்தான் போகும், அது கெட்டுப் போச்சுங்கிறதும் ஒரு தகவல்தானே.

ஏற்கனவே எழுதின 3 நாளைத் திருத்துறதுக்கும் முறை இருக்கு, இதை உங்களுக்கு கிளாஸ்லயே சொல்லியிருப்பாங்க, போரடிக்குதுன்னு தூங்கியிருப்பீங்க. ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கத் தெரியுற மாதிரி. பக்கத்துல காரணம், திருத்தின தேதி, இனிஷியல். ஒயிட்னர் கூடாது, மேலயே எழுதக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. இதையும் யாருக்கும் தெரியாம பண்ணாதீங்க, ரெஜிஸ்டர் கம்பெனியோடது. சூப்பர்வைசர் தனியா இருக்கும்போது போய் "சார், அந்த 3 நாள் ரீடிங் நான் எடுக்கல, யுனிவர்சிட்டிக்கு ரிப்போர்ட் கொடுக்கணும், அதுல என் பேர்ல எடுக்காத அளவு இருந்தா எனக்குப் பிரச்சனை ஆயிடும், மீட்டர் பழுதுன்னு திருத்திடட்டுமா"ன்னு கேளுங்க. நான் பாத்தவரைக்கும் பாதிப் பேர் இதுக்கு சரின்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்களைத் திருடன்னு நிறுத்தாம வெளிய வர ஒரு வழியைக் காட்டுறீங்க. அவர் மாட்டேன்னா அங்க நின்னு சண்டை போடாதீங்க. அன்னிக்கே உங்க ஃபேகல்டி கைடுக்கு ஒரு மெயில் போடுங்க, எந்த தேதி, எந்தக் கருவி, என்ன சொன்னாங்க, நான் என்ன எழுதினேன், அவ்வளவுதான், கோபமோ சந்தேகமோ ஒரு வரி கூட அதுல வேண்டாம்.

பி.ஓ.டி. விஷயம் பி.எச். மாதிரி இல்ல, அது கொஞ்சம் பெருசு. ஏன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. தண்ணியில இருக்கிற கழிவை நுண்ணுயிர் சாப்பிட எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னு பாக்குறதுதான் அந்த டெஸ்ட், பாட்டிலை வழக்கமா 20 டிகிரி செல்சியஸ்ல வெளிச்சம் படாம 5 நாள் வெச்சு, மொத நாள் ஆக்சிஜனுக்கும் கடைசி நாள் ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்துலேர்ந்து கணக்கு போடணும். காலையில எடுத்த சாம்பிளுக்கு சாயங்காலம் அந்த எண் உலகத்துல எங்கயுமே இருக்க முடியாது. ஆனா குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க. 5 நாளுக்கு முன்னாடி எடுத்த சாம்பிளோட ரிசல்ட்டை இன்னைய வரிசையில எழுதுற பழக்கம் அங்க இருக்கலாம். இல்லன்னா சில மணி நேரத்துல முடியுற சி.ஓ.டி. டெஸ்ட் (நுண்ணுயிருக்குப் பதிலா கெமிக்கலை வெச்சு அளக்குறது) பண்ணி, அந்த பிளான்ட்டோட பழைய விகிதத்தை வெச்சு பி.ஓ.டி.யை மதிப்பிடலாம், அப்படின்னா "மதிப்பீடு"ன்னு அதுல எழுதியிருக்கணும். "எப்பவும் இதுதான் வரும்"ங்கிறது இந்த ரெண்டுலயும் சேராதுதான், இருந்தாலும் கேட்டுட்டு எழுதுங்க, உங்க மெயில் அப்போதான் உறுதியா நிக்கும்.

போட்டோ எடுத்துப் போடலாமான்னா

வேண்டாம்மா. இன்டர்ன்ஷிப்ல சேரும்போது ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருப்பாங்க, அதுல ரகசியம் காக்கணும்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், மொதல்ல அதை எடுத்துப் படிங்க. கம்பெனி ஆவணத்தை வெளிய போட்டா பேச்சு அதைப் பத்தி ஆயிடும், தண்ணி மறந்து போயிடும். இன்னொண்ணு, ஒரு பக்கத்து போட்டோ வைரலானா வேலை போறது யாருக்குன்னு நெனைக்கிறீங்க? ராத்திரி ஷிஃப்ட்ல தனியா நிக்கிற ஆபரேட்டருக்கு. புது ப்ரோப் வாங்க கையெழுத்து போடாதவருக்கு ஒண்ணும் ஆகாது.

உங்க சொந்த நோட்டு ஒண்ணு வெச்சுக்கோங்க, அதுல தேதி, நேரம், நீங்க என்ன பண்ணீங்க, யார் என்ன சொன்னாங்கன்னு அன்னன்னிக்கே எழுதுங்க, கம்பெனி பேப்பரைக் காப்பி எடுக்காதீங்க. ஃபேகல்டி கைடு பதில் சொல்லலன்னா இன்டர்ன்ஷிப் ஒருங்கிணைப்பாளர், அதுக்கு மேல துறைத் தலைவர். கண்காணிப்பு அமைப்புக்கு நேரடியா புகார் கொடுக்கிற வழி எப்பவும் திறந்துதான் இருக்கு, ஆனா புகார் கொடுக்கிறவங்களுக்கான சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு வேற, சம்பளம் இல்லாத இன்டர்ன் அதுக்குள்ள வருவாங்களான்னும் எல்லா இடத்துலயும் ஒரே பதில் இல்ல, அதனால அந்தப் படிக்கு முன்னாடி யுனிவர்சிட்டி சட்ட உதவி மையத்துலயோ ஒரு வக்கீல்கிட்டயோ ஒரு தடவை பேசிடுங்க. இதுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு. கண்ணு முன்னாடி கெமிக்கல் கொட்டுது, மீன் செத்து மிதக்குது, யாருக்காவது மூச்சு முட்டுதுன்னா இந்த வரிசையெல்லாம் பாக்காம உடனே அவசர உதவிக்குக் கூப்பிடுங்க. அங்க இருக்கவே முடியலன்னா மிச்ச 5 வாரத்துக்கு வேற இடம் மாத்திக் கொடுங்கன்னு கேக்குறது உங்க உரிமை, அதை யாரும் தோல்வின்னு எழுத மாட்டாங்க.

போரடிக்கிற பக்கங்களைப் பத்தி

உங்க கடிதத்துல எனக்கு மனசு ரொம்ப வலிச்ச வரி அந்த ரெஜிஸ்டர் வரிதான். இந்தப் படிப்போட உயிரே அங்க இருக்கு, அதைத்தான் நீங்க உமின்னு நெனச்சு ஊதிட்டு இருக்கீங்க.

அன்டார்டிகால ஹேலின்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சி நிலையம். 1957-லேர்ந்து அங்க இருக்கிறவங்க ஒரு கருவியை வானத்தைப் பாத்து வெச்சு ஓசோன் அளவை எழுதிட்டே வந்தாங்க. வருஷக்கணக்கா பெருசா ஒண்ணும் வரல. அந்தக் குளிர்ல நின்னு அதே எண்ணை எழுதினவங்களுக்கு எவ்வளவு சலிப்பா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. 1970கள் கடைசியிலேர்ந்து ஒவ்வொரு வசந்த காலத்துலயும் அளவு குறைய ஆரம்பிச்சுது, 1985-ல ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் சேர்ந்து அதை வெளியிட்டாங்க, உலகத்துக்கு ஓசோன் ஓட்டைன்னு ஒண்ணு இருக்கிறது அப்போதான் தெரிஞ்சுது. ரெண்டே வருஷத்துல, 1987-ல, ஓசோனை அழிக்கிற கெமிக்கலைக் கட்டுப்படுத்துற மான்ட்ரியல் ஒப்பந்தம். அங்க யாராவது ஒருத்தர் "நேத்து போட்ட மாதிரியே போட்டுடு"ன்னு சொல்லியிருந்தா அந்தக் குறைவு கண்ணுக்கே பட்டிருக்காது, ஏன்னா பழைய எண் உண்மையா இருந்தாதான் புது எண் விழுந்திருக்கிறது தெரியும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு ஊர், ஃபேக்டரி கழிவுல வந்த பாதரசத்தால அங்க ஜனங்களுக்கு நரம்பு நோய் வந்துது. 1956-ல அந்த நோய் அதிகாரப்பூர்வமா பதிவாச்சு. அந்தக் கழிவை விட்ட சிஸ்ஸோ கம்பெனியோட சொந்த டாக்டர் ஹோசோகாவா, 1959-ல ஃபேக்டரி கழிவைப் பூனைக்கு உணவுல கலந்து கொடுத்துப் பாத்தாரு, பூனைக்கும் அதே நோய் வந்துது. அந்த முடிவைக் கம்பெனி வெளிய விடல. பாதரசக் கழிவு 1968 வரைக்கும் கடலுக்குப் போயிட்டே இருந்துது. அந்த 9 வருஷத்துல எத்தனை குழந்தைங்க. உண்மை ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதித்தான் இருந்துது, அதை மேல கொண்டு போக வழி இல்ல, கேக்குற சட்டமும் இல்ல, ஆடிட்டும் இல்ல. நீங்க வெறும் பேப்பர் வேலைன்னு சொல்ற அத்தனையும், அந்த நோட்டை யாரும் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிடக் கூடாதுன்னு மனுஷங்க கஷ்டப்பட்டு கட்டினது.

சின்ன அனுபவம் ஒண்ணும் சொல்லிடறேன். என் ஆரம்ப வருஷங்கள்ல ஒரு பிளான்ட்ல வெளிய போற தண்ணி அப்பப்போ கெட்டுப் போகும், காரணம் தெரியாம எல்லாரும் தலையைப் பிச்சுக்கிட்டோம். அங்க ஒரு வயசான ஆபரேட்டர் இருந்தாரு, ரீடிங்கோட நேரத்தையும் சேர்த்து எழுதுற பழக்கம் அவருக்கு. அவரோட 4 மாச நோட்டை உக்காந்து எக்ஸெல்ல ஏத்தினப்போதான் தெரிஞ்சுது, அளவு ஏறுற நேரம் எல்லாமே வியாழக்கிழமை மத்தியானம். போய்க் கேட்டா, வாரத்துக்கு ஒரு தடவை ஒரு டேங்க்கைக் கழுவி அந்தத் தண்ணியை நேரா வடிகால்ல விடறாங்க. ஒரு வால்வு, ஒரு சின்ன தொட்டி, முடிஞ்சு போச்சு. அந்த மனுஷன் நேரம் எழுதலைன்னா இன்னும் தேடிட்டு இருந்திருப்போம்.

நீங்க நெனச்சிட்டிருக்கிற ரெண்டு மூணு விஷயம்

ஐ.எஸ்.ஓ. 14001 மாட்டியிருக்கிற ஃபேக்டரியே இப்படின்னா அந்த சர்டிஃபிகேட்டே பொய்தானேன்னு எழுதியிருக்கீங்க. 1996-ல வந்த ஸ்டாண்டர்டு அது, 2004-லயும் 2015-லயும் திருத்தினாங்க, ஆனா கழிவுநீர்ல இவ்வளவு மில்லிகிராம்தான் இருக்கலாம்னு அதுல ஒரு எண் கூட கிடையாது. உன் வேலையால என்னென்ன பாதிப்பு, உனக்கு என்னென்ன சட்டம் பொருந்தும், அதுக்கு ஏத்த மாதிரி திட்டம் போடு, செய், சரிபாரு, திருத்துன்னு ஒரு முறையைத்தான் அது கேக்குது. எல்லை எண்ணைச் சொல்றது சட்டமும் லைசென்ஸும். அதனால சர்டிஃபிகேட் இருந்தா தண்ணி சுத்தம்னு அர்த்தம் இல்ல. ஆனா அளவிடுற கருவியை சரிபார்த்து வெச்சிருக்கணும், அந்தப் பதிவும் இருக்கணும்னு அதே ஸ்டாண்டர்டு கேக்குது, அப்படின்னா சூப்பர்வைசர்கிட்ட நீங்க பேசும்போது வாசல்ல மாட்டியிருக்கிற அந்த ஃப்ரேம் உங்க பக்கம்தான் நிக்குது. "ஆடிட் வந்தா ப்ரோப் காலிபரேஷன் பதிவு கேப்பாங்களே சார்"னு ஒரு வார்த்தை போதும்.

மேனேஜ்மென்ட்னா கம்பெனிக்கு சாதகமா பேசுறதுன்னு நெனைக்கிறீங்க. அப்படி ஆக்கினவங்க இருக்காங்க, மறைக்கல. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதுற கன்சல்டன்டுக்குப் பல இடத்துல காசு கொடுக்கிறது அந்தத் திட்டத்தைக் கட்டப் போறவரேதான், அந்த அழுத்தம் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அந்த மதிப்பீடுங்கிற ஏற்பாடே எங்கிருந்து வந்துதுன்னு பாருங்க. 1970 ஜனவரி 1-ல அமெரிக்காவுல அமலுக்கு வந்த தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம்தான் ஆரம்பம், பெரிய வேலை எதையும் அரசு தொடங்குறதுக்கு முன்னாடி பாதிப்பை எழுதி வெச்சு மாற்று வழியையும் காட்டணும்னு கட்டாயம் ஆக்குச்சு, அப்புறம் உலகம் பூரா பரவுச்சு. 1992-ல ரியோவுல நடந்த ஐ.நா. மாநாட்டுல வந்த ரியோ பிரகடனத்தோட 10-வது கோட்பாடு தகவல் கேக்குற உரிமை, முடிவுல பங்கெடுக்கிறது, நியாயம் கேக்க வழி, இந்த மூணையும் சாதாரண ஜனங்களுக்குன்னு சொல்லுது. 2009-ல பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கின எலினார் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்க பாத்தது, மீன்பிடி இடம், பாசனக் கால்வாய், காடு மாதிரி பொதுச் சொத்தை மக்களே எப்படி காப்பாத்துறாங்கன்னு. நீடிச்சு நிக்கிற இடங்கள்ல அவங்க திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விஷயம், யாரு எவ்வளவு எடுக்கிறாங்கன்னு கண்காணிக்க அங்க ஆள் இருந்தாங்க, அந்த ஆள் அந்த மக்களுக்குப் பதில் சொல்றவங்களா இருந்தாங்க. அதுவும் மேனேஜ்மென்ட்தாம்மா.

கணக்கு பயத்துக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன், இது புரிஞ்சா உங்களுக்குக் கணக்கு வரும். ஒரு ஃபேக்டரி ஒரு நாளைக்கு 100 கன மீட்டர் கழிவுநீர் விடுது, பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம். பெருக்கினா ஆத்துக்குப் போற சுமை ஒரு நாளைக்கு 25 கிலோ. இப்போ யாரோ கூட 100 கன மீட்டர் நல்ல தண்ணியைக் கலந்து விடறாங்க. ரீடிங் 125 ஆயிடுச்சு, ரெஜிஸ்டர்ல பாக்க பாதியா குறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா தண்ணி இப்போ 200 கன மீட்டர், பெருக்கிப் பாருங்க, அதே 25 கிலோ. ஆத்துக்கு ஒரு கிராம் கூட குறையல, நல்ல தண்ணி வேற வீணாப் போச்சு. இந்த ஏமாத்து வேலையைப் பிடிக்க பெருக்கல் தெரிஞ்சா போதும், கூடவே எவ்வளவு தண்ணி போகுதுன்னு காட்டுற ஃப்ளோ மீட்டரையும் பாக்கணும்னு தோணணும். இந்தப் படிப்புல வர்ற கணக்குல பாதி இந்த ரகம், மீதி புள்ளியியல், அதுக்குப் பழக்கம்தான் வேணும், நாலு தடவை சொந்தமா டேட்டாவைப் போட்டுப் பாத்தா பயம் போயிடும்.

மாறுறதா இருந்தா

உங்க கறுத்த ஆத்தையே எடுத்துக்கோங்க. சுற்றுச்சூழல் அறிவியல் படிச்சவங்க அதுல என்ன கலந்திருக்கு, எங்கேர்ந்து வந்துது, ஆக்சிஜன் எந்த இடத்துல விழுந்து எங்க திரும்ப ஏறுதுன்னு தேடுவாங்க. இன்ஜினியர் எந்த அளவுல தொட்டி, எத்தனை மணி நேரம் காத்து அடிக்கணும்னு டிசைன் பண்ணுவாங்க. மேலாண்மை படிச்சவங்க கையில வர்றது யாரு இதைச் செய்யணும், எந்தச் சட்டப்படி, யாரு காசுல, எப்போக்குள்ள, செஞ்சாங்களான்னு யாரு போய்ப் பாக்குறதுன்னு. அந்த ஆறு இன்னும் கறுப்பாவே ஓடுதுன்னா, என் அனுபவத்துல பெரும்பாலும் முதல் ரெண்டுக்கும் பதில் எப்பவோ கெடைச்சிருக்கும், மூணாவதுல மாட்டிக்கிட்டு நிக்கும்.

அதுக்காக மாறவே கூடாதுன்னு சொல்லல. லேப்ல நிக்கும்போது உங்களுக்கு நேரம் போறதே தெரியலைன்னா அறிவியல் பக்கம் போங்க, முதல் ரெண்டு வருஷப் பாடங்கள் நெறைய ஒத்துப் போகும், இழப்பு கம்மி. சுத்திகரிப்பு பிளான்ட்டை நானே டிசைன் பண்ணணும்னு ஆசை இருந்தா அதைத் தெளிவா சொல்லிடறேன், பல நாடுகள்ல இன்ஜினியரா பதிவு பண்ணி டிசைன்ல கையெழுத்து போட இன்ஜினியரிங் டிகிரி வேணும், மேலாண்மை டிகிரியை வெச்சு அங்க போக முடியாது, பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படக் கூடாது. ஆனா இன்ஜினியரிங்குக்கு இப்போ மாறினா பெரும்பாலும் முதல் வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், கணக்கும் இதைவிட பல மடங்கு. எதுக்கு மாறினாலும் எந்தெந்த பேப்பரை ஏத்துப்பாங்கன்னு அந்தத் துறைகிட்ட எழுத்துல வாங்காம இங்க பேர் வெட்டாதீங்க, வாய் வார்த்தையை நம்பி ஒரு வருஷம் போனவங்களைப் பாத்திருக்கேன். மூணாவது வழியும் இருக்கு, இதை முடிச்சுட்டு மாஸ்டர்ஸ்ல திசை மாறுறது, உங்க நிலைமைக்கு எனக்கு இதுதான் சரின்னு படுது. இன்டர்ன்ஷிப் நடுவுல, கோபத்துல இருக்கும்போது மட்டும் முடிவு எடுக்காதீங்க.

தங்குறதா முடிவு பண்ணா, அடுத்த செமஸ்டர் எலெக்டிவ் லிஸ்ட் அனுப்பியிருந்தீங்களே, அதுல நீரியலையும் சுற்றுச்சூழல் சட்டத்தையும் எடுங்க. நிலையான வணிக உத்திகள்னு ஒரு பேப்பர் இருக்கு, பேரு கவர்ச்சியா இருக்கு, அதை அப்புறமா சொந்தமாவே படிச்சுக்கலாம். வேலைக்கு எடுக்கிறவங்க கார்பன் கணக்கு கேக்குறாங்கன்னா, ஒரு கம்பெனியோட கார்பன் வெளியீட்டைப் பிரிச்சுக் காட்டுற ஸ்கோப் 1, 2, 3 பிரிவை கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால்லேர்ந்து நேராவே படிங்க, இலவசமா கெடைக்குது. ஜி.ஐ.எஸ்., அதாவது தகவலை மேப்ல போட்டு அலசுற முறை, கண்டிப்பா வேணும். க்யூ.ஜி.ஐ.எஸ். சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 2008-லேர்ந்து எல்லாருக்கும் இலவசம். 30 மீட்டர் தெளிவுல 1984 வரைக்கும் பின்னாடி போகலாம், இப்போதைய படத்துக்கு சென்டினல் 2 செயற்கைக்கோள்ல 10 மீட்டர். உங்க ஆத்தோட ரெண்டு கரையையும் அன்னைக்கும் இன்னைக்கும் போட்டு, எந்த வருஷம் எங்க கட்டடம் வந்துது, எங்க பச்சை போச்சுன்னு ஒரு மேப் பண்ணுங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அதைவிட உங்களுக்கு நெருக்கமான தலைப்பு கெடைக்காது.

அப்பா கேக்குற கேள்வி

அவர் கேக்குறதுல தப்பில்ல, அவர்கிட்ட கோபப்படாதீங்க. டாக்டர், வக்கீல் மாதிரி ஒரே பேர்ல இந்த வேலை இருக்காது, அதனால வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு வேலையே இல்லாத மாதிரி தெரியும். கண்காணிப்பு அமைப்பு, உள்ளாட்சி, கன்சல்டன்சி, ஃபேக்டரியோட சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவு, கடன் கொடுக்கிற வங்கி, தொண்டு நிறுவனம்னு சிதறிக் கெடக்கும். முதல் ரெண்டு மூணு வருஷம் சைட்ல நடக்கிறதும் ரிப்போர்ட் எழுதுறதும்தான், சம்பளமும் ஆரம்பத்துல பெருசா இருக்காது, அதை மறைச்சு அவர்கிட்ட பேசாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. ஒரு 30 வேலை விளம்பரத்தை எடுத்து வெச்சு ஒவ்வொண்ணுலயும் என்ன கேக்குறாங்கன்னு அப்பாவோட உக்காந்து அடிக்கோடு போடுங்க. எது அதிகம் வருதோ அதுதான் நீங்க மிச்ச படிப்புல சேர்த்துக்க வேண்டியது, அவருக்கும் அப்போ பேச்சா இல்லாம பேப்பர்ல தெரியும். நல்லா எழுத வரணும், டேட்டாவைக் கையாளத் தெரியணும், சட்டத்தைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியணும், இந்த மூணும் எங்க போனாலும் வந்துட்டே இருக்கும்னு நான் நெனைக்கிறேன், நீங்களே எண்ணிப் பாருங்க.

இப்போதைக்கு அவசரம் திங்கக்கிழமைதான். காலையில சூப்பர்வைசர்கிட்ட பேசுங்க, சாயங்காலம் கைடுக்கு மெயில், எலெக்டிவ் ஃபார்ம் கடைசி தேதிக்குள்ள. அந்த ப்ரோபை மாத்திட்டாங்களா இல்லையான்னு மறக்காம எனக்கு எழுதுங்கம்மா.